புழுதிக்குள் கிடந்த நெல்

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அதுக்குத்தானே வந்தேன்.”

உடையாள் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. பங்குனியில் மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, சித்திரையில் இங்கே வந்தவள். அவன் ஏன் போனான்? நான் ஏன் இருக்கிறேன்? ஒரு வார்த்தை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மீதி நாளைக் கழித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

பூவலிங்க சாமி அவளைவிட இளையவர். கொஞ்சம் மானாவாரி நிலம், சில ஆடுகள், ஒரு குடிசை. சுற்றுவட்டாரம் அவரை ஞானி என்றது. அவர் அவளை அக்கா என்றார்.

“ஆட்டுக்குத் தண்ணி காட்டியாச்சாக்கா?”

அன்றைய பதில் அவ்வளவுதான்.

ராமநாதபுரத்துப் பக்கம் கோடை சித்திரையோடு எழுந்து போவதில்லை. ஆவணி வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். உடையாள் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தாள். வெடித்த வரப்பை மண் வைத்து அடைத்தாள். கருவேல முள்ளை வெட்டினாள்.

“சாமி, நான் கேட்டது?”

“காதுல இருக்குக்கா. அந்த முள்ளை அங்கிட்டு இழுத்துப் போடுங்க.”

ஆவணி பிறந்ததும் சாமி வீட்டிலிருந்த விதைநெல் மொத்தத்தையும் வயலுக்கு எடுத்து வந்தார். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. மண் மாவாகப் பறந்தது. அந்தப் புழுதியில் நெல்லை வீசி, மேலே ஏர் ஓட்டி மூடினார்.

உடையாள் ஆற்றங்கரை ஊர்க்காரி. சேற்றில் நாற்று நட்டுப் பழகியவள்.

“தண்ணி, சாமி?”

“வரும்.”

“எப்ப?”

“நம்மகிட்ட சொல்லிட்டா வருது?”

“வராமப் போனா?”

“சோறு இல்ல.”

“அதுவரைக்கும் நெல்லு?”

“கிடக்கும்.”

அதற்கப்புறம் அவளால் வரப்பில் சும்மா நடக்க முடியவில்லை. ஏற்கெனவே ஒன்றை மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு வந்தவள். ஒரு நாள் வயல் மூலையில் குனிந்து விரலால் கிளறினாள். ஒரு நெல் அகப்பட்டது. நாக்கு வறண்டு கிடக்கும் பிள்ளையைப் போல இருந்தது அது.

சாமி ஆடு மேய்க்கப் போன நேரத்தில் அந்த மூலைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். ஒரு கட்டில் அகலத்துக்கு மண் கறுத்தது.

பிறகு ஒரு காலையில் அங்கே பச்சை ஊசிகள் நின்றன. உடையாள் ஓடினாள்.

“சாமி, வந்து பாருங்க. கிடக்கும்னீகளே, எந்திரிச்சிருச்சு பாருங்க.”

சாமி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை.

“ஊருணில எம்புட்டுத் தண்ணி இருக்குக்கா?”

“நமக்கும் ஆட்டுக்கும் காணும்.”

“இதுக்கு?”

அவள் குனிந்து அந்த ஊசிகளைத் தடவினாள்.

சாமி குடிசைக்குப் போனார். அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தார். கடைசிச் சொட்டு வரை அந்த ஊசிகளுக்கு ஊற்றிவிட்டு, வெறும் குடத்தை அவள் பக்கத்தில் வைத்தார்.

ஊருணி சேறானது. உடையாள் முந்தானையை விரித்து வெயிலை மறைத்தபடி மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். பச்சை மஞ்சளானது. மஞ்சள் வைக்கோலானது. தொட்டபோது விரலிடுக்கில் பொடிந்தது.

“ஒரு வாய்த் தண்ணிதானே சாமி குடுத்தேன்.”

“ஆமாக்கா. ஒரு வாய்தான்.”

“மத்ததும் செத்திருக்குமா?”

சாமி எட்டப் போய்ப் புழுதியைத் தோண்டி, ஒரு நெல்லை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கல்லாக இருந்தது. முழுசாக இருந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மழை இறங்கியது. விடிந்தும் விடவில்லை.

மழை வெறித்த சில நாட்களில் உடையாள் வயலுக்குப் போனாள். வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பச்சை. யாரும் எழுப்பாமல், யாரும் தொடாமல், வயல் முழுவதும் ஒருசேர எழுந்து நின்றது. அவள் அழுதபடி நடந்த மண். இவ்வளவும் அதன் அடியில்தான் கிடந்திருக்கிறது. எடுத்த காலைக் கீழே வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கைகள் தாமாகக் குவிந்தன.

மூலையில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, வெறும் மண்.

மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்கா, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டே இருந்தீகளே. இப்பச் சொல்லட்டுமா?”

உடையாள் வயலைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள்.

கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“கிடக்கட்டும் சாமி.”