திமிங்கிலக் குட்டிக்கு மொட்டை

கால நீட்டிப் படு பொற்கொடி. போர்வைய உதைக்காத. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன், நடுவுல "தண்ணி வேணும்"னு எந்திரிச்சா கதை அங்கயே நின்னுடும். சரியா?

ஒரு கடல்ல ஒரு திமிங்கிலம் இருந்துச்சாம். பேரு நீலாயி. அவளுக்கு ஒரே ஒரு பொண்ணு, சிட்டு. பேருதான் சிட்டு, ஆளு நம்ம டவுன் பஸ் மாதிரி இருப்பா. அந்தச் சிட்டுக்கு மூக்கு நுனியில முடி முளைச்சிருந்துச்சு.

திமிங்கிலத்துக்கு ஏது முடிங்கிறியா? இருக்குடி. பொறக்கும்போது மூக்குகிட்ட நாலு முடி இருக்கும், நம்ம பூனை மீசை மாதிரி. ம்?

முடி இருந்தா மொட்டை போடணும்ல? மொட்டை போடணும்னா தாய்மாமன் மடியில உக்காரணும்ல? போன மாசம் உன் தம்பி உங்க மாமா மடியில உக்காந்து ஊரே கேக்குற மாதிரி கத்தினானே, அதே வழக்கம்தான் அவங்களுக்கும். ஆனா நீலாயிக்குக் கூடப் பொறந்தவன் கிடையாது. பொறந்த வீடு எதுன்னே தெரியாது. "எம் புள்ளைக்கு மடி கொடுக்க ஒரு ஆள் இல்லையே"ன்னு தினமும் ஒரு பாட்டம் அழுவா.

அப்போ பாரு, சர்ருனு ஒரு சுறா வந்தான். கைநிறைய, அதான் வாய்நிறைய, மத்தி மீன் சீரு. "தங்கச்சி! நாந்தான் உன் அண்ணன், என்னைத் தெரியலையா?"ன்னான்.

அவன் மனசுல அண்ணனும் இல்ல தங்கச்சியும் இல்ல. சிட்டு கொழுகொழுன்னு இருக்கா, பசிக்குது. அவ்ளோதான்.

நீலாயி அவனை மேலயும் கீழயும் பாத்தா. முதுகுல துடுப்பு, இவளுக்கும் துடுப்பு. நீள ஒடம்பு, இவளுக்கும் நீள ஒடம்பு. சுத்தி நின்ன மீனெல்லாம் "அட, அப்படியே ஜாடைம்மா!"ன்னு சொல்லிடுச்சுங்க. நம்ம ஆளுங்க கல்யாண வீட்ல சொல்லுவாங்களே, "மூக்கப் பாத்தாலே தெரியுது நம்ம வீட்டுப் புள்ளன்னு", அதே கூத்து. இவளும் நம்பிட்டா. ஜாடையப் பாத்து சொந்தம் கொண்டாடுற புத்தி நமக்கு மட்டுமா இருக்கு?

அப்புறம் மூணு பேரும் மொட்டை போடக் கெளம்பினாங்க. போற வழியில நீலாயி மேல வந்து மூச்சு விட்டா, புஸ்ஸ்ஸ்! சிட்டும் வந்தா, புஸ்ஸு! சுறா வரவே இல்ல.

"அம்மா, மாமா மூச்சே விடல!"

"எனக்கு இன்னைக்கு விரதம்"னான் சுறா.

ம்னு சொல்லு, தூங்கிட்டியா? ம், சரி.

இன்னும் கொஞ்ச தூரம் போனாங்க. சிட்டு திரும்பிப் பாத்தா. அம்மா வால் மேல கீழ, மேல கீழ, தொப்பு தொப்புன்னு அடிக்குது. நாய் பாய்ஞ்சு ஓடும்போது முதுகு வளைஞ்சு நிமிருமே, அந்த மாதிரி. மாமா வால் மட்டும் இடது வலது, சளக் சளக்.

"அம்மா, மாமா வேற மாதிரி நீந்துறாரு!"

"இடுப்புப் பிடிச்சிருக்கு மருமகளே"ன்னான்.

இப்போ நீலாயிக்கே சந்தேகம் வந்துடுச்சு. மெதுவாக் கேட்டா, "அண்ணா, உங்களுக்கு மொத முடி எந்தக் கோயில்ல எடுத்தாங்க?"

"முடியா? முடின்னா என்ன?"

செத்தான். எந்த மீனுக்குடி முடி இருக்கு? நீலாயி விடல. "சரி, புள்ளைய உக்கார வைக்க மடியக் காட்டுங்க"ன்னா. சுறா சொன்னான், "மடி எதுக்கு? வாயில உக்காரட்டுமே!" ஆஆஆன்னு தொறந்தான் பாரு, வரிசை வரிசையாப் பல்லு!

படார்! ஒரே அடி, நீலாயி வாலால. சுறா பல்லு சிதற ஓடியே போயிட்டான்.

அப்புறம் நீலாயி சிட்டக் கட்டிக்கிட்டு அழுதா. கொஞ்சம் ஏமாந்திருந்தா புள்ள போயிருக்கும்ல? எனக்கே சொல்லும்போது பதறுது.

அழுதுக்கிட்டே கரையோரமாப் போனாங்க. அங்க ஒரு பாறை. அலை அடிச்சு அடிச்சு அதுல ஒரு பக்கம் பேந்து விழுந்திருந்துச்சு. உள்ள ஒரு எலும்புக்கூடு, கல்லாவே ஆகிப் போனது. நீலாயி உத்துப் பாத்தா. காதுக்குள்ள இருக்குற எலும்பு தடிச்சு உருண்டு இருந்துச்சு, அது திமிங்கிலத்துக்கு மட்டும் இருக்குற எலும்பு. ஆனா கீழ பாத்தா... காலு! நாலு காலு! கணுக்கால் எலும்பு வேற, கெணத்துக் கப்பி மாதிரி, ரெண்டு முனையிலயும் பள்ளம் வெட்டி.

"அம்மா, இது யாரு?"

"நம்ம பூர்வீகப் பாட்டி போலடி. நடந்திருக்கா!"

நீலாயிக்கு அப்பதான் புரிஞ்சுது. அவ இடுப்புக்குள்ள ரொம்ப நாளா ஒரு குட்டி எலும்பு சும்மா மெதந்துக்கிட்டு இருக்கும். எதுலயும் ஒட்டாது, எதுக்குன்னும் தெரியாது. அது கால் இருந்த இடம்! துடுப்புக்குள்ளயும் விரல் எலும்பு வரிசையா இருக்குடி, நம்ம கைக்குள்ள இருக்குற மாதிரியே. கையுறை மாட்டின மாதிரி மேல மூடிக்கிச்சு, அவ்ளோதான்.

அப்போ சொந்தம் கடல்ல இல்ல, கரைப்பக்கம் இருக்கு! நீலாயி அந்தப் பாறைக்குப் பக்கத்துலயே ஆறு கடல்ல கலக்குற எடத்துக்குப் போயி, ஊஊஊம்ம்னு கூப்பிட்டா.

கொளக், கொளக், கொளக். சேறு கலங்கி ஒரு மொகம் மேல வந்துச்சு. யாரு? நீர்யானை!

ஜாடையா? ஒரு பொட்டு ஜாடை கிடையாது. குண்டு ஒடம்பு, குட்டைக் காலு, வாயத் தொறந்தா கொட்டகை. நீலாயி இந்தத் தடவ மொகத்தப் பாக்கல. "மூச்சு விடு"ன்னா. புஸ்ஸ்! "முடியக் காட்டு"ன்னா. மூக்குல முள்ளு முள்ளா மீசை. "உங்க வீட்ல புள்ளைக்கு எங்க பால் கொடுப்பீங்க?" "தண்ணிக்குள்ளதான், வேற எங்க?"ன்னான். நீலாயிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, சிட்டு பால் குடிச்சதும் தண்ணிக்குள்ளதான்.

கடைசியா, "உன் கணுக்கால் எலும்பு எப்படி இருக்கும்?"ன்னா. அவன் ஆத்தங்கரையில கெடந்த தன் செத்துப்போன தாத்தாவோட எலும்ப வாயில கவ்விட்டு வந்து பாறை எலும்புக்குப் பக்கத்துல வச்சான். ரெண்டும் கப்பி. அதே பள்ளம், ரெண்டு முனையிலயும்.

இவ அவனுக்குப் பொறந்தவளும் இல்ல, அவன் இவளுக்குப் பொறந்தவனும் இல்ல. ரெண்டு பேருக்கும் எங்கயோ ஒரே பாட்டி. ஒரு கூட்டம் கடலுக்குள்ள போயிடுச்சு, ஒரு கூட்டம் ஆத்துலயே நின்னுடுச்சு. பங்காளி வீட்டுத் தம்பி, அப்போ சிட்டுக்கு மாமன், தெரியுதா? ம்.

அப்புறம் நீர்யானை ஆழமில்லாத தண்ணியில சம்மணம் போடாத குறையா உக்காந்தான். சிட்டு மடியில ஏறினா. சளார்! மாமன் மூக்கு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. ஆனாலும் அவன் அசையாம இருந்தான். நண்டு வந்து கிடுக்கியால கிளிக், கிளிக், கிளிக், கிளிக்னு நாலு முடியையும் எடுத்துச்சு. சிட்டு ஒரு துளி அழல.

முடி எறக்கி முடிஞ்சதும் நீர்யானை நீலாயியப் பாத்தான். "அக்கா, வீட்ட விட்டுப் போயி எவ்ளோ வருஷம் ஆச்சு?"

"அஞ்சு கோடி வருஷம் இருக்கும்டா தம்பி."

அவனுக்குக் கண்ணு நெறஞ்சுடுச்சு. "இருக்கட்டும், சாப்பிட்டுட்டுப் போலாம் வாக்கா"ன்னான்.

அவ்ளோதான். சொந்தமும் சேந்துடுச்சு, கதையும் கரை ஏறிடுச்சு. நீ கண்ண மூடு.