பாறையில் பதிந்த இரண்டு தடங்கள்

மழை பொய்த்த ஒரு காட்டில், தண்ணீர் இருக்கும் இடங்களைக் கண்டு சொல்வது கரடியின் வேலை. காட்டுச் சபை கொடுத்த வேலை அது. கோடை வந்தால் விலங்குகள் கேட்டுக்கொண்டே இருக்கும். கரடி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். அந்தக் கோடையில் அதற்குக் கால் வலித்தது. கேள்விகள் மட்டும் குறையவில்லை.

அப்போது வெளியிலிருந்து ஒரு பருந்து வந்தது. காடு காடாகப் போய் வரைபடம் செய்து பெயரெடுத்த பருந்து அது.

“கரடியாரே, கூட்டாகச் செய்வோமா? நான் மேலிருந்து பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் நடந்துபோய்ச் சரிபாருங்கள்.”

“பாதி நடை மிச்சமாகுமா?”

“முக்கால்வாசி!”

கரடி உடனே தலையாட்டியது.

பருந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. “வடக்கு மலைச் சரிவில் ஏதோ பளபளக்கிறது. குளமாகத்தான் இருக்கும்” என்றது. ‘எப்படியும் கரடி போய்ப் பார்க்கும்’ என்று நினைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த காட்டுக்குப் போகும் அவசரம்.

கரடி மலையை நிமிர்ந்து பார்த்தது. ‘பருந்தின் கண்ணுக்குத் தப்புமா?’ என்று பெருமூச்சு விட்டது. மலையேறிப் பார்க்காமலே, பாறையில் செம்மண்ணால் மலையை வரைந்து, சரிவில் ஒரு வட்டம் போட்டது. வேறு பக்கம் சுற்றிவிட்டு மாலையில் வந்த பருந்து அதன் கீழே நகத்தைப் பதித்தது. கரடி பாதத்தைப் பதித்தது.

மறுநாள் மாலை ஒரு பெண் மான் தள்ளாடியபடி வந்தது.

“அங்கே குளமே இல்லை. வெயிலில் மின்னும் வெள்ளைப் பாறைதான். என் குட்டி சரிவிலேயே விழுந்து கிடக்கிறது.”

அடுத்த காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பருந்தின் பக்கம் கரடி திரும்பியது. “நீ பார்த்தாய் என்றுதானே வரைந்தேன்?”

“நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்?”

“பிறகு ஏன் நகத்தைப் பதித்தாய்?”

“நீங்கள் ஏன் பாதத்தைப் பதித்தீர்கள்?”

மான் சொன்னது: “ஒரு தடம் மட்டும் இருந்திருந்தால் யோசித்திருப்பேன். இரண்டு இருந்ததால்தான் குட்டியைக் கூட்டிப் போனேன். சண்டையை அப்புறம் போடுங்கள். தண்ணீர் எங்கே?”

பருந்து மேலே பறந்தது.

“குட்டிக்குப் பக்கத்தில் ஓர் அத்திமரம் மட்டும் பச்சையாக இருக்கிறது. கீழே தண்ணீர் உண்டா என்று எனக்குத் தெரியாது!”

கரடி மூச்சிரைக்க ஏறியது. மரத்தடியை மோந்து பார்த்துத் தோண்டியது. காய்ந்த மண் வந்தது. இன்னும் தோண்டியது. ஈரமண் வந்தது. பிறகு கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. மான் குட்டியை முட்டி முட்டி அங்கே நகர்த்தியது. குட்டி நாக்கை நீட்டி நக்கியது. சற்று நேரத்தில் அதன் காது அசைந்தது.

கீழே இறங்கியதும், சேறு காயாத பாதத்தால் கரடி அந்த வட்டத்தை அழித்தது. அத்திமரத்தை வரைந்தது.

“கிழக்கேயும் ஏதோ மின்னுகிறது” என்றது பருந்து, தயங்கித் தயங்கி.

“நான் வரும்வரை நகத்தைப் பதிக்காதே” என்று சொல்லிவிட்டு, வலிக்கும் காலை எடுத்து வைத்தது கரடி.

நீதி: மற்றவர் சரிபார்த்திருப்பார் என்று இருவருமே இருந்துவிட்டால், எதையும் யாருமே சரிபார்த்திருக்கமாட்டார்கள்.