நத்தை நெய்த கதவு

அந்தக் காலத்தில் மனிதர் காதுக்குக் கதவு கிடையாது. இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை, நடுவில் நேர்வழி. ஓசை ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிடும். நண்டு பேசுவதும் புரியும், நாரை பேசுவதும் புரியும், ஆனால் எதுவும் உள்ளே தங்காது. இன்றைக்கும் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு போட்டும் பிரயோசனமில்லை, விடுங்கள்.

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு மணல்திட்டில் முத்துநாச்சியும் அவள் புருசன் சேந்தனும் இருந்தார்கள். அங்கே வேறு குடிசை கிடையாது. சேந்தன் கட்டுமரத்தில் மீனுக்குப் போவான். பனிமூட்டத்தில் திட்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திரும்பி வரும்போது அவன் கடலிலிருந்து கூவுவான். அவள் கரையில் நின்று எதிர்க்குரல் கொடுப்பாள். குரல் வந்த திக்கைப் பிடித்துக்கொண்டு, பாறையில் மோதாமல் அவன் கரை சேருவான்.

ஒரு மார்கழி விடியலில் அவன் கூவினான். அது அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் காலடியில் இரண்டு ஆலாப் பறவைகள் ஒரு முட்டைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

"இது நான் இட்ட முட்டை!"

"ஒன் மூஞ்சிக்கு இவ்வளவு அழகான முட்டையா?"

அந்த ரகளை ஒரு காதில் புகுந்த வேகத்தில், சேந்தனின் கூவல் மறு காது வழியாகப் போய்விட்டது. கூப்பிட்டானா, இல்லையா? அவளுக்கே நிச்சயமில்லை. எதிர்க்குரல் கொடுக்காமல் நின்றுவிட்டாள். பனி விலகியபோது ஒரு கட்டையும் பாதி வலையும்தான் கரை ஒதுங்கின.

அதற்குப் பிறகு முத்துநாச்சி பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! மீன் சுட்டால் இரண்டு சுட்டுவிட்டு, ஒன்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். நண்டுகள் வந்து ஆறுதல் சொல்லின. அந்த ஆறுதலும் மறு காதில் போனது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சேந்தனின் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. முகம் நினைவிருந்தது, முதுகிலிருந்த தழும்பு நினைவிருந்தது, குரல் மட்டும் இல்லை.

அப்போதுதான் ஓடு உடைந்த கடல்நத்தை ஒன்று மணலில் ஊர்ந்து வந்தது.

"தாயி, அன்னைக்கு ஒம் புருசன் கூப்பிட்டப்ப நான் பாறையடியிலதான் கெடந்தேன். அந்தக் குரல் என் சுருளுக்குள்ள சிக்கிக்கிச்சு. இன்னும் பத்திரமா இருக்கு."

"ஐயோ, ஒரு தடவ கேக்க விடு!"

"வெளிய விட்டா காத்தோட போயிரும். எனக்கும் ஓடு இல்ல, இருக்க எடம் இல்ல. ஒங் காதுக்குள்ள கொஞ்சம் எடம் குடு. தெனமும் விடியக்கால ஒரு தடவ கேட்டுக்கலாம். ஆனா வாசலுக்குக் கதவு வேணும். அந்தக் காதுக்கு என் தங்கச்சியக் கூட்டியாறேன், இல்லேன்னா அந்தப் பக்கமா ஓடிரும்."

"கதவு போட்டுக்க."

"போட்டா மத்த சீவராசிக பேச்செல்லாம் வெறும் சத்தமாத்தான் கேக்கும். பரவால்லையா?"

"எனக்கு அவுக பேச்சு எதுக்கு?" என்றாள் முத்துநாச்சி.

நத்தை வேலையைத் தொடங்கியது. வெளிப்பக்கத்துக்கு அவள் காதுத்தோலையே மெல்லிசாக இழுத்தது. நடுவில் சேந்தனின் வலையிலிருந்து நூலெடுத்து, சிலதை விளிம்பிலிருந்து நடுவுக்கும், சிலதைச் சுற்றிச்சுற்றியும் ஓட்டியது. உள்பக்கம் தன் ஈரத்தைப் பூசியது. மூன்று அடுக்கும் சேர்ந்தும் வெங்காயச் சவ்வு கனம்தான் இருந்தது. மூன்று சின்ன மீன்முள்ளைக் கோத்து, முதல் முள்ளைக் கதவோடு ஒட்டி உள்ளே இழுத்துக் கட்டியதில் கதவின் நடு கொஞ்சம் குழிந்துகொண்டது. மூச்சுவிடத் தொண்டைப் பக்கம் ஒரு பின்சன்னல் வைத்தது. எறும்பு வராமலிருக்க வாசலில் குறும்பி பூசியது. இரண்டு காதுக்கும் இப்படியே செய்துவிட்டு, "கதவ மட்டும் தொட்டுறாத, தாயி" என்றது.

மறுநாள் விடியலில் காதுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஓ... நாச்சீ..."

முத்துநாச்சி துள்ளி எழுந்து வெறும் கடலைப் பார்த்து, "ஓ... இங்கன இருக்கேன்!" என்று எதிர்க்குரல் கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தினமும் அப்படியே நடந்தது. ஆனால் பேருக்குப் பின்னால் அவன் இன்னும் ஏதோ சொன்னான். அது சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல் மங்கலாக இருந்தது. நத்தை கதவுக்கு உள்ளேயே குடியிருந்ததால் அதன் பேச்சு மட்டும் அவளுக்குப் புரிந்தது. "என்ன சொல்றாக?" என்று அதைக் கேட்டாள். "வச்சிருக்கத்தான் எனக்குத் தெரியும், பிரிச்சுச் சொல்லத் தெரியாது" என்றது அது.

அன்றாடம் வந்து பேசும் நாரை வந்தது. அலகு அசைந்தது, "க்ராக்" என்றுதான் கேட்டது. நண்டுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. இப்போது அந்த நத்தையை விட்டால் அவளிடம் பேச உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அந்த மங்கலான பேச்சு மட்டும் மனசைக் குடைந்தது. ஏன் பதில் கொடுக்கவில்லை என்று கேட்டானோ? பாவி, என்னைச் சாகவிட்டாயே என்று வைதானோ? அவள் அவன் வாயில் ஒவ்வொரு வசவாக வைத்துப் பார்த்தாள். எல்லாமே பொருந்துவதுபோல் இருந்தது.

ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. மணலில் கிடந்த ஆலா இறகை எடுத்தாள். குரல் வந்த நேரத்தில் இறகின் காம்பைக் காதுக்குள் விட்டு, கதவைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளினாள்.

சுரீரென்றது. கதவு கிழிந்தது. கன்னத்தில் ரத்தம் வழிய, சேந்தனின் குரல் கணீரென்று வெளியே வந்தது.

"ஓ... நாச்சீ... பனியில நிக்காத, புள்ள. உள்ள போ. நான் வந்துக்கிருவேன்."

அவ்வளவுதான். எதிர்க்குரல் கொடு என்று அவன் கேட்கவே இல்லை. அவள் குளிரில் நிற்கிறாளே என்றுதான் சொல்லியிருக்கிறான்.

குரல் அவளைத் தாண்டிக் கடல்மேல் போனது. கழுத்தளவு தண்ணீர்வரை அதன் பின்னால் ஓடினாள். அது நிற்கவில்லை.

நத்தை அவளை ஒரு வார்த்தை வையவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக நெய்து கிழிசலை மூடியது. உள்ளே மிச்சமிருந்தது அந்தக் குரலின் வால் மட்டும், "ஙொய்ங்" என்று.

சின்னக் கிழிசலைக் காது தானே மூடிக்கொள்வதும், பெரிய கிழிசலுக்கு நூல் போதாமல் வைத்தியரைத் தேடுவதும் இப்படித்தான் வந்தன. சளி பிடித்துப் பின்சன்னல் அடைத்தால் காது கும்மென்று ஆவதும், எச்சில் விழுங்கினால் திறந்துகொள்வதும் அந்த நத்தையின் கைவேலைதான். யார் எத்தனை சொன்னாலும் இறகை எடுத்துக் காது குடையும் கையையும் முத்துநாச்சியிடமிருந்துதான் வாங்கினோம்.

ஆளில்லாத வீட்டில் திடீரென்று காது ஙொய்யென்றால், பாதி வார்த்தை பாக்கி இருப்பதுபோல் கைவேலையை நிறுத்திவிட்டு நாம் அசையாமல் நிற்பதும் அன்று முதல்தான்.