குளக் காவலனின் கை

காட்டுக் குளத்தங்கரையில் குரங்கு சுப்புணியை மிஞ்சிய குளப் பக்தன் கிடையாது. யாராவது "குளம்" என்று சொன்னாலே போதும், அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

கரையில் தினமும் காலையில் மைனா வாத்தியாரம்மா வகுப்பு நடத்துவாள்.

"குளம் யாருக்குச் சொந்தம்?"

"எல்லாருக்கும்!" முதலில் கத்துவது சுப்புணிதான்.

"குளத்துக்கு ஒரு கெடுதல் வந்தால்?"

"உயிரையே கொடுப்போம்!" என்று மார்பில் அடித்துக்கொள்வான். அந்த வேகத்தில் பக்கத்து முயலுக்கும் நாலு அடி விழும்.

பரீட்சையில் அவன்தான் முதல். வாத்தியாரம்மா பூரித்துப்போய் அல்லி மாலை போட்டு, 'குளக் காவலன்' என்று பட்டமும் கொடுத்தாள். அன்றிலிருந்து சுப்புணியின் நடையே மாறிவிட்டது.

கோடை வந்தது. அடியில் ஊற்று இருந்ததால் எந்த வெயிலுக்கும் வற்றாத குளம் அது. அந்த வருஷம் மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. மான்கள் சேற்றில் கால் புதையப் போய்த்தான் தண்ணீர் குடித்தன. ஆமை அடியில் மூழ்கிப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தது.

"ஊற்றுக்கண் அடைச்சுக் கிடக்கு! ஒரே விளா ஓடும் பழத்தோலும்! இப்படியே போனா குடிக்க ஒரு சொட்டு மிஞ்சாது!"

சுப்புணிக்கு ரத்தம் கொதித்தது. "கூட்டுங்கடா கூட்டத்தை!" என்றான். பேசத் தெம்பு வேண்டுமே என்று ஒரு விளாம்பழத்தோடு பாறைமேல் ஏறினான்.

"என் குளத்தை நாசமாக்கிய பாவி யார்?" பழத்தைப் பாறையில் மோதி உடைத்தான். "சும்மா விடமாட்டேன்!" ஒரு வாய் தின்றான். "கையும் களவுமாகப் பிடிபட்டால், யாராக இருந்தாலும் அன்றைக்கே காட்டைவிட்டுப் போய்விட வேண்டும்! சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!"

தொப்!

குளத்தில் ஏதோ விழுந்தது.

"யாரது?" என்று சுப்புணி அலறினான். கூட்டம் அவனையே பார்த்தது. அவன் ஒரே பாய்ச்சலாகக் குளத்தில் குதித்து, மிதந்த விளா ஓட்டை எடுத்துக்கொண்டு கரையேறினான். மோந்து பார்த்தான்.

"ஆகா! இப்போதுதான் தின்ற பழம்! வாசனைகூடப் போகவில்லை! திருடன் இங்கேதான் நிற்கிறான்!"

"ஆமாண்ணே, இங்கேதான் நிக்கிறான்," என்றது முயல். "மோவாயைத் துடைச்சுக்குங்க."

சுப்புணி மோவாயைத் தடவினான். விரலில் விளாம்பழச் சதை ஒட்டியது. சிவந்த முகம் இன்னும் சிவந்தது. இந்தக் குளத்தைவிட்டு எங்கே போவேன் என்று நினைத்தவன், கையிலிருந்த விளா ஓட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கரடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டுமே! தின்றுகொண்டிருந்த பலாச்சக்கையை வீசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. தொப்! அதைக் கேலி செய்த முள்ளம்பன்றியிடமிருந்து ஒரு கிழங்குத் தோல். தொப்!

சிரிப்பு சட்டென்று நின்றது.

"துரத்த ஆரம்பிச்சா காட்டில் மரம்தான் மிஞ்சும் போலிருக்கே!" என்றது ஆமை.

வாத்தியாரம்மா சிறகால் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு என்னுடையது! உங்கள் வாய்க்கு மட்டும் பாடம் நடத்தினேன். கை வகுப்புக்கே வரவில்லை!"

அன்றே எல்லாரும் சேற்றில் இறங்கி ஊற்றுக்கண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். விளாமரத்தடியில் ஒரு குழி வெட்டினார்கள். மறுநாள் வகுப்பில் கேள்வியும் இல்லை, கோஷமும் இல்லை. தின்ன வேண்டும், எழுந்து போய்க் குழியில் போட வேண்டும், அவ்வளவுதான். சுப்புணியின் கை குளத்தின் பக்கம் ஓங்கும்போதெல்லாம் முயல் அவன் வாலைப் பிடித்து இழுத்தது. பழைய அடிகளுக்கும் சேர்த்து இழுத்தது!

குளம் மெல்ல நிறைந்தது. ஒருநாள் சுப்புணிக்கும் கரடிக்கும் பயங்கரச் சண்டை. கத்திக்கொண்டே பழம் தின்றான் சுப்புணி. கத்திக்கொண்டே குழிவரை நடந்தான். கை தானாக விளாம்பழ ஓட்டைக் குழியில் போட்டது. அதைக்கூடக் கவனிக்காமல் திரும்பி வந்து மீதிச் சண்டையைத் தொடர்ந்தான்.

மனத்தில் எவ்வளவு அன்பு இருந்தாலும், அது கையின் பழக்கமாக மாறினால்தான் எதையும் காப்பாற்றும்.