முதலாளியின் முதல் பந்து

தான் எறிந்த பந்து கூடையில் விழாமல் போனதே இல்லை என்று மில் முதலாளி தணிகாசலத்துக்கு ஒரு நினைப்பு. வருஷா வருஷம் கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கி வைக்க அவர்தான் முதல் பந்தை எறிவார். அது பாதி வழியிலேயே இறங்கும். கூடைக்கடியில் நிற்கும் மாசிலாமணி எகிறிப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவான். அதற்குள் முதலாளி கேமரா பக்கம் திரும்பியிருப்பார்.

மில் அணிக்குப் பதினோரு வருஷம் ஆடியதில் மாசிலாமணிக்கு முட்டி போய்விட்டது.

"எகிற முடியாத ஆட்டக்காரனுக்கு மில்லுல என்னய்யா வேலை?" என்றார் முதலாளி. "நாளைக்கு விழாவுல ஊர் பார்க்க எகிறிப் போடு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"சரிங்க முதலாளி. முதல் பந்து நீங்க போடுங்க. அது உள்ள விழுந்ததும் நான் எகிறறேன்."

"அவ்வளவுதானே" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் முதலாளி எறிந்தார். மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பந்து வலையைக்கூடத் தொடாமல் தரையில் விழுந்தது. மறுபடி எறிந்தார். ஏழாவது பந்துக்கு வேட்டி அவிழப் பார்த்தது. ஊரே சிரித்தது.

"இந்தக் கூடைக்கு என்னய்யா ஆச்சு?"

"கூடைக்கு ஒண்ணும் ஆகலீங்க. இத்தனை வருஷமா உங்க பந்தை உள்ள போட்ட முட்டிதான் போயிடுச்சு."

அன்று சாயங்காலமே அவன் சீட்டைக் கிழித்தார்கள். மறுநாள் பேப்பரில் போன வருஷத்துப் படம் வந்தது. முதலாளியின் பந்து அழகாகக் கூடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணியின் கையை வழக்கம்போல வெட்டியிருந்தார்கள்.