முனையில் இருப்பது

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

சிலுவைக்குத் தலை நரைத்த பிறகுதான் கார் ஒயரிங் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. தூத்துக்குடியில் ஒயரிங் கடை வைத்திருந்த பெர்பெத்துவிடம் போய்ச் சேர்ந்தான். அவனைவிடப் பத்து வயசு சின்னவள். கேலியாகத்தான் "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தான். நாளாக ஆகக் கேலி தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அன்றைக்குத் தன் வீட்டுக் காரையே கொண்டுவந்து நிறுத்தினான்.

"டீச்சரம்மா, இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நிக்கிற வண்டியில வேக முள்ளு ஆடுது. எல்லா லைட்டும் கோயில் கொடைத் திருவிழாப் பந்தல் மாதிரி மின்னுது. சாயங்காலம் வாங்குற ஆளு வாரான்."

"விக்கவா போறீங்க?"

"வித்துப் பங்கு வச்சுட்டு அவனவன் தனித்தனியா போறோம். அம்மாவை முதியோர் இல்லத்துல விட்டுரலாம்னு தம்பிமாரு சொல்லுதானுவ. நான் சரின்னு சொல்லணும். அது ஒண்ணுதான் பாக்கி."

 பெர்பெத்து மின்தடை அளக்கிற மீட்டரை எடுத்து நீட்டினாள். காருக்குள் ஒன்றோடொன்று முறுக்கி ஓடுகிற ஒயர் இரண்டையும் தொட்டுக் காட்டினாள்.

சிலுவை மீட்டரின் ஊசிகளை அவற்றில் வைத்தான்.

"என்ன காட்டுது?"

"நிக்கவே மாட்டேங்குது. இருநூறுங்குது, முப்பதுங்குது."

"பேட்டரியைக் கழற்றினீங்களா?"

"அடடா."

"உள்ள பேச்சு ஓடிக்கிட்டிருக்கும்போது எதை அளப்பீங்க அண்ணாச்சி?"

அவளே போய் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"அடங்கட்டும்."

உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைக்குத்தான் அந்த அமைதி பொறுக்கவில்லை.

"எங்க அப்பா இருக்கும்போது இப்படி இல்ல, டீச்சரம்மா. இப்ப வீட்டுல ஒரு சொல்லு சொன்னா சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வருது. காலைல சொன்னது படுக்கப் போற வரைக்கும் அடங்க மாட்டேங்குது."

"அப்பா என்ன சொல்லுவாவ?"

"அவியளா? ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வாசல் கட்டில்ல கிடப்பாவ. யாரு போய் என்ன கத்தினாலும் 'ம்'ம்பாவ. சம்பளமில்லாத வாட்ச்மேன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

"அம்மா?"

"அடுப்படியில. அவளும் அதே இனம்தான்."

பெர்பெத்து எழுந்தாள். "இப்ப அளங்க."

"நூத்தி இருபது. ஆடாம நிக்குது."

"அறுபதுன்னா ரெண்டும் இருக்கு. நூத்தி இருபதுன்னா ஒண்ணு போச்சு."

"எது ரெண்டு?"

"பிரேக்குக்கு ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணுன்னு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கு; இந்த ஒயர்ல ஒரு பெட்டி பேசினா எல்லாப் பெட்டிக்கும் கேக்கும். ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு ரெசிஸ்டர் உண்டு. வர்ற பேச்சு அதுல போய் அடங்கணும். ஒண்ணு செத்துட்டா, பேச்சு முனையில முட்டித் திரும்பும். பின்னால வர்ற பேச்சோட மோதும். அப்புறம் யாரு சொல்றதும் யாருக்கும் விளங்காது."

"மிச்சம் இருக்குற ஒண்ணு எங்க இருக்கு?"

"எந்தப் பெட்டி மேலயும் எழுதி வைக்கல. ஒவ்வொண்ணா கழற்றிப் பாருங்க."

பிரேக் பெட்டியைக் கழற்றினான். எண் மாறவில்லை. மாட்டினான்.

வேக முள்ளுக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் கழற்றினான். அப்போதும் மாறவில்லை.

இன்ஜின் பெட்டியின் பிளக்கை இழுத்தான்.

மீட்டரில் எண்ணே இல்லை. மீட்டர்தான் போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தான்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெர்பெத்து.

"அப்ப இதுக்குள்ளதானா?"

"இதுக்குள்ளதான்."

"கழற்றினாத்தான் தெரியுமா?"

"எனக்கு வேற வழி தெரியல அண்ணாச்சி."

அவசர அவசரமாகப் பிளக்கைத் திருப்பி மாட்டினான். எண் வந்தது. பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது ஒண்ணை வச்சே ஓட்டிர முடியாதா?"

"ஓடின லட்சணத்தைத்தான் பார்த்தீங்களே."

ஒரு தகர டப்பாவைக் கிளறி, நெல்லளவு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மேலே வண்ணக் கோடுகள். இரண்டு பக்கமும் கம்பி வால்.

"செத்ததுக்குப் பதிலா இதா? இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. வர்றதை வாங்கிக்கும்."

அப்போது அவன் போன் அடித்தது. கடைசித் தம்பி. காதில் வைக்காமலே தெருவரைக்கும் கேட்டது.

"எங்கடா தொலைஞ்ச? சரின்னு ஒரு வார்த்தை சொல்ல இம்புட்டு நேரமா? நீயெல்லாம் ஒரு மூத்தவனா? அப்பாவுக்கு மருந்து வாங்கப் போயி சீட்டாடிட்டு வந்தவன்தானே நீ!"

சிலுவையின் முகம் கறுத்தது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒன்றல்ல, பத்து. கை இறுக மூடியது. உள்ளே கம்பி குத்தியது.

"ம்," என்றான்.

தம்பி இன்னும் கத்தினான்.

"ம்."

தம்பி இன்னொன்று சொன்னான். சத்தம் முன்னளவு இல்லை.

"ம்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணே, இருக்கியா?"

"ம்."

"அம்மா நேத்துலருந்து சாப்பிடலண்ணே. அப்பா கட்டில்ல போயி படுத்துக்கிட்டா. என்ன சொன்னாலும் ஒரு 'ம்' கூட வர மாட்டேங்கு."

சிலுவையின் கண் இன்ஜின் பெட்டியில் போய் நின்றது. செத்த முனையைத் திறக்கக் குனிந்த பெர்பெத்து, ஸ்பானரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.