ஆளைப் பார்த்து எரியும் விளக்கு

அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். கதை சின்னதுதான். ஆனால் நடுவில் எழுந்து போனால் விடை கைநழுவிவிடும்.

சென்னை கிண்டியில், ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு முதலீட்டு வங்கி இருந்தது. நகைக்கடன், பாஸ்புக் எதுவும் அங்கே கிடையாது. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்க நினைத்தால், அது என்ன விலை பெறும், வாங்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் அங்கே தொழில். அங்கே காலியாக இருந்த ஒரு சின்ன வேலைக்குப் பூங்கோதை வந்திருந்தாள். கணக்குப் பாடத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். கணவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இந்தச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

"உள்ளே போனதும் சார் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார்," என்றாள் வரவேற்பறைப் பெண். "டிகிரி மட்டும் பத்தாது, மேல என்ன படிக்கப் போறீங்கன்னு. சரியா சொன்னா திங்கட்கிழமையே வந்து சீட்டுல உட்காரணும். சொதப்பினா நேரா பஸ் ஸ்டாண்டுதான்."

இந்தத் தொழிலுக்கான மேல்படிப்புகளின் பெயர்களைப் பூங்கோதை கேள்விப்பட்டிருக்கிறாள். எது எதற்கு என்றுதான் தெரியாது.

காத்திருக்கும் அறையில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். வசுமதி, ஜெரால்டு என்ற இருவரும் பெரிய வேலைகளுக்கு வந்தவர்கள், இவளுக்குப் போட்டியில்லை. மூலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். வெளியே ஐப்பசி மழை. மத்தியானமே இருட்டிக் கிடந்தது. அந்த அறை விளக்குக்கு சுவிட்ச் இல்லை. ஆள் அசைந்தால் எரியும். அசைவில்லாவிட்டால், யாருமில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும்.

டீ கொண்டுவந்த அம்மாள் அறையைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூன்று கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள். மூலையில் இருப்பவர் டீ குடிக்கமாட்டார் போலிருக்கிறது என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள். தயங்கித் தயங்கித் தன் கவலையைச் சொன்னாள்.

"சி.ஏ. பண்ணும்மா," என்றாள் வசுமதி. "ஆடிட்டர்கிட்ட முழுநேரமும் இருந்து வேலை பழகணும், முதுகு ஒடிஞ்சிடும். ஆனா அப்புறம் கணக்குல எங்கே ஓட்டை இருந்தாலும் கண்ணு தானாப் போய் நிக்கும். நான் அப்படி வந்தவதான்."

ஜெரால்டு சிரித்தான். "கணக்குப் பார்க்க ஆள் கிடைக்கும்க்கா, பேசி முடிக்கத்தான் ஆள் கிடைக்காது. சிஸ்டர், நீங்க நல்ல காலேஜாப் பார்த்து எம்.பி.ஏ. பண்ணுங்க. ரெண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிச்சீங்கன்னா இந்த மாதிரி ஆபீஸெல்லாம் உங்களைத் தேடி வரும்."

"ஆமா, உன்னைத் தேடி வந்த லட்சணம்தான் தெரியுதே. இங்கே வந்து டீயை ஆத்திக்கிட்டு இருக்கே!"

பூங்கோதையும் சிரித்துவிட்டாள். பிறகு மூலைப் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றாள்.

வசுமதியும் ஜெரால்டும் மூலையைப் பார்த்தார்கள். பிறகு பூங்கோதையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதற்குள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"வீட்டுல குழந்தை இருக்கா?" என்றது மூலை.

"இருக்கு சார். இப்பத்தான் நடக்கப் பழகுது."

"அப்ப சி.எஃப்.ஏ. படிங்க. மூணு லெவல் பரீட்சை எழுதணும். லேசுன்னு சொல்லமாட்டேன். ஆனா வேலை பார்த்துக்கிட்டே எழுதலாம். ஒரு கம்பெனியை எப்படி எடை போடுறதுன்னு சொல்லித்தரும். நீங்க உட்காரப்போற சீட்டு ஜன்னலோரம் இருக்கு. ஏ.சி. நேரா பிடரியில அடிக்கும், ஒரு துண்டு கொண்டு வாங்க."

"நீங்களும் அதான் படிச்சீங்களா சார்?"

"மூணும் எழுதிட்டேன். கடைசி ரிசல்ட்டை மட்டும் பார்க்கல."

பூங்கோதை மடியில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பட்டென்று விளக்கு அணைந்தது. அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். மழை வெளிச்சத்தில் அந்த வெள்ளைச் சட்டை போவதும் வருவதும் தெரிந்தது. விளக்கு எரியவில்லை.

"இன்னும் ஒண்ணு," என்றது குரல், இப்போது அவள் காதருகில். "பொழுது சாஞ்சா எழுந்து வீட்டுக்குப் போயிடுங்க. நானும் ராத்திரி வரைக்கும் வேலை பார்த்து, நெஞ்சு வலி வந்து அந்த சீட்டுலதான் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் இதே மாதிரி விளக்குதான், அணைஞ்சிடுச்சு. யாருமில்லைன்னு நினைச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

"பூங்கோதை, உள்ளே வாங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள். துள்ளி எழுந்தாள். விளக்கு எரிந்தது. மூலையைத் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளினாள். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சொல்லுங்கம்மா, மேல என்ன படிக்கப் போறீங்க?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆனது என்று தெரிந்த பிறகும், அவர் சொன்ன படிப்பையே அவள் சொல்லலாமா? மூவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: மூன்றும் நல்ல படிப்பே, பொய் சொன்னவரும் யாருமில்லை. ஆனால் ஆடிட்டரிடம் முழுநேரம் போனாலும் சரி, கல்லூரியில் போய்த் தங்கினாலும் சரி, திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அவர்கள் இருவரும் தாங்கள் வந்த வழியைக் காட்டினார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டவர், டீக் கோப்பை வைக்கப்படாதவர் ஒருவர்தான். பூங்கோதை சி.எஃப்.ஏ. என்றாள், வேலை கிடைத்தது. அவர் சொன்ன மறுபாதியையும் மறக்கவில்லை. துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பாள். பொழுது சாய்ந்தால் யார் முறைத்தாலும் கிளம்பிவிடுவாள். முதல் லெவலில் தேறிய அன்று, தனக்கு முன் அங்கே இருந்தவரின் கடைசி ரிசல்ட்டை ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காத்திருக்கும் அறை இருண்டிருந்தது. உள்ளே போகாமல் கதவுக்கு வெளியிலேயே அசையாமல் நின்று, "அண்ணா, நீங்க பாஸ்," என்றாள்.

விளக்கு எரிந்தது.